அன்ரனின் ஐந்து சேட்டுகள்

1998 பெப்ரவரி 22, ஞாயிறு, துணுக்காய்

கறையான் தொட்டதோ என்று பார்க்க ரங்குப் பெட்டியைத் திறந்தேன். தொடவில்லை. கறையானுக்கும் ஒரு ரசனை உண்டு.

உள்ளே ஆறு ஒட்டுப் போர்வைகள். பழைய உடுப்புகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தித் தைப்பவை. ஆறும் தொடங்கியவை, ஒன்றும் முடியாதவை. இரண்டு வரிசையோடு நின்றது, நான்கு வரிசையோடு நின்றது, ஓரம் மட்டும் தைத்தது, வெட்டியதே போதும் என்று விட்டது. சண்டைக்குப் பயந்து முல்லைத்தீவிலிருந்து ஓடிவந்த அன்று வீட்டைப் பூட்டினேன், இந்தப் பெட்டியைத் தூக்கினேன், அடையாள அட்டையை மறந்தேன்.

ஏன் முடிப்பதில்லை? துணியை வெட்டும்போது கண்ணுக்குள் ஒரு முழுப் போர்வை விரிகிறது. அதைப்போல அழகானதை உலகத்தில் யாரும் தைத்ததில்லை. ஊசியை எடுத்ததும் வேறொன்று வரத் தொடங்குகிறது. கண்ணுக்குள் இருப்பதற்குத் துரோகம் செய்ய மனமில்லாமல் மடித்து வைத்துவிடுகிறேன். நல்ல விளக்கம். சோம்பல் என்றும் சொல்லலாம்.

பெப்ரவரி 25, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். தபசு காலத்துக்கு ஆளுக்கொன்றை ஒறுக்கும்படி சுவாமியார் சொன்னார். பக்கத்து ஓலைக் கொட்டில் ஸ்ரனிஸ்லஸ் அண்ணை சிகரெட்டை விட்டார். பொருளாதாரத் தடையைத் தாண்டிச் சிகரெட் இந்தப் பக்கம் வந்து நாலு மாதமாகிறது. சிலர் இறைச்சியை விட்டார்கள். அது அவர்களை எப்போதோ விட்டிருந்தது.

நான் தொடங்குவதை விட்டேன். உயிர்த்த ஞாயிறு வரை ஒரு துணியும் வெட்டமாட்டேன். ஒன்றையாவது முடிப்பேன்.

மார்ச் 3

ஒன்றும் தொடங்கவில்லை. ஒன்றும் முடிக்கவுமில்லை. நேர்த்தியில் பாதி நிறைவேறியது.

மார்ச் 9, திங்கள்

றோஸ்மேரி வந்தாள். இரண்டு கொட்டில் தள்ளி இருப்பவள், எங்கள் முல்லைத்தீவுக் கரையாள். ஒன்றரை வருசத்துக்கு முன், கார்த்திகையில், அவளுடைய புருசன் அன்ரன் குடலிறக்கத்தை ஆஸ்பத்திரியில் வெட்டுவிக்கவென்று பயணப் பாஸ் எடுத்து, ஆமிக்காரரின் பக்கமிருக்கும் வவுனியாவுக்குப் போனார். ஒரு கிழமையில் வருவேன் என்றார். ஆளும் இல்லை, கடிதமும் இல்லை. சந்தையில் ஒரு பொம்பிளையோடு கண்டதாக யாரோ வந்து சொன்னார்கள். போன ஆவணியில் றோஸ்மேரி அவர் விட்டுப்போன உடுப்பெல்லாம், ஐந்து சேட்டுகளையும் இடுப்பில் கட்டும் இரண்டு சாரங்களையும், கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"வெட்டுங்கோ ரீச்சர். கலியாணச் சேட்டை முதல் வெட்டுங்கோ."

அன்றைக்கே எல்லாவற்றையும் வெட்டினேன். வெட்டுவதில் என்னை யாரும் குறை சொல்லமுடியாது. இரண்டு வரிசை தைத்தேன். பிறகு வழக்கம்போல.

இன்று அவள் கையில் செஞ்சிலுவைக்காரர் கொண்டுவந்த கடிதம்.

"ரீச்சர், அவர் சித்திரை நடுவிலை வாறாராம். முகாமிலை மறிச்சு வைச்சிருந்தவையாம். திரும்பி வரப் பாஸ் குடுக்கேல்லையாம். நாலு கடிதம் போட்டவராம்."

"அந்தப் பொம்பிளை?"

"அவரின்ரை சின்னம்மா. அறுபத்தெட்டு வயசு."

கடைசி வரியை விரலால் காட்டினாள். 'உடுத்த உடுப்போடுதான் வாறன். என்ரை சேட்டுகளை எலி அரிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.'

"தாங்கோ ரீச்சர். தோய்ச்சு மடிச்சு வைக்கப்போறன்."

பெட்டியைத் திறந்து காட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு சதுரங்கள்.

"எல்லாத்தையுமோ?"

"நீதானே வெட்டச் சொன்னனீ."

"கோவத்திலை ஆயிரம் சொல்லுவம். படிச்ச மனுசி நீங்கள், ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதே? மற்றதெல்லாத்தையும் வருசக்கணக்காப் போட்டுத்தானே வைச்சிருக்கிறியள்!"

வாழ்க்கையில் ஒருநாள்தான் சுறுசுறுப்பாக இருந்தேன். அது ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தது.

மார்ச் 10

ஒரு யோசனை. வெட்டிக் கிடக்கும் சேட்டு என்றால், பெண்சாதி புருசனைக் கைகழுவிவிட்டாள் என்று அர்த்தம். அதே துண்டுகள் போர்வையாகிவிட்டால், பிரிவு தாங்காமல் அவருடைய சேட்டுகளைப் போர்த்துக்கொண்டு படுத்தாள் என்று அர்த்தம். இடையில் இருப்பது தையல் மட்டும்.

றோஸ்மேரியிடம் சொன்னேன்.

"அது பொய்யெல்லோ ரீச்சர்?"

"தைச்சு முடிச்சால் பொய்யில்லை."

"தபசு காலத்திலையோ?"

"இப்ப தைப்பம். சொல்லுறது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதானே."

சரி என்றாள். முகம் சரி என்று சொல்லவில்லை.

மார்ச் 17

நூல் ஒரு கடையிலும் இல்லை. நிவாரண மா மூட்டையின் வாயைத் தைத்த நூல் இருக்கிறதே, சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே இழையாகக் கையில் வரும். சங்கக் கடையில் மா நிறுப்பவர் எங்களுக்காக எடுத்து வைக்கிறார். மனிதர் மாவுக்காக வருகிறார்கள், நாங்கள் மூட்டையின் வாய்க்காக.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு பாலை மரத்தின் கீழ் பாயை விரித்து இருவரும் தைக்கிறோம். றோஸ்மேரிக்கு ஒவ்வொரு துண்டும் தெரிகிறது.

"இது கடலுக்குப் போற சேட்டு. எத்தினை தோய்ச்சாலும் மணம் போகாது, மணந்து பாருங்கோ. இது என்னைப் பொம்பிளை பாக்க வந்த சேட்டு. வெக்கத்திலை நான் முகத்தைப் பாக்கேல்லை, சேட்டைத்தான் பாத்தனான். கோடு எண்ணிக்கொண்டு நிண்டனான்."

"எத்தினை கோடு?"

"இருபத்திமூண்டு. பிறகு அம்மா உள்ளை கூப்பிட்டிட்டா."

குளத்துக் காற்று வந்தால் பாலை இலைகள் அலைபோல இரைகின்றன. ஊசியைக் கையில் வைத்தபடியே இருவரும் கண்ணயர்ந்துவிடுகிறோம். விழித்தால் நிழல் எங்களை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்திருக்கிறது.

மார்ச் 24

மலேரியா. மூன்றாம் நாள்.

காய்ச்சலில் பாலை மரம் கொட்டிலுக்குள் வந்து நின்றது. அதன் உச்சியிலிருந்து பார்த்தேன். கீழே வயலெல்லாம் சதுரம் சதுரமாக. நீலக் கோடு போட்ட வயல், மண்ணிற வயல், வெள்ளை வயல். தையல்தான் வரம்பு. அதில் கால்வைத்து நடந்தேன். நூல் அறுந்துவிடும் என்று மூச்சையும் மெல்ல விட்டேன். வரம்பு முடிந்த இடத்தில் கடல் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. யார் மடித்தது என்று கேட்டேன். நீதான் என்றார்கள்.

குளோரோகுயின் கசக்கிறது. ஒன்று கவனித்தேன் – வழக்கமாகக் கண்ணுக்குள் விரியும் அந்த அழகான போர்வை இந்த முறை வரவேயில்லை. வந்ததெல்லாம் றோஸ்மேரியின் கோணல் தையல்.

ஏப்ரல் 2

எட்டு வரிசை. நான் எட்டு வரை வந்ததே கிடையாது. சற்றுப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, பெரிய வியாழன்

றோஸ்மேரி வந்தாள், தைக்க அல்ல.

"எனக்கு ஏலாது ரீச்சர். நான் அவரைக் கைவிட்டது உண்மை. அதை வடிவாத் தைச்சு மூடிவிட்டால், சாகுமட்டும் அந்தப் பொய்க்குக் கீழைதான் படுக்கவேணும்."

போய்விட்டாள்.

சரியாத்தான் சொல்லிப்போட்டாள். நான் ஏன் இதுக்குள்ளை போனனான்? வெட்டினதும் நான், கதை கட்டினதும் நான். வாழப்போறது அவளெல்லோ. வாசிச்ச புத்தகமெல்லாம் இதுக்குத்தானோ – ஒரு நல்ல மனுசிக்குப் பொய் பழக்க?

பின்னேரம் தனியே ஒரு வரிசை தைத்தேன். இனிப் பொய்க்காக இல்லை. அவளிடம் துண்டுகளாகத் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 13

இன்று றோஸ்மேரி வந்து பாயில் இருந்து, ஊசியில் நூலைக் கோத்தாள். பதின்மூன்று வரிசை. இன்னும் ஒன்று.

ஏப்ரல் 14, செவ்வாய்

மத்தியானம் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் வந்திறங்கினார் அன்ரன். மெலிந்து, கையில் ஒரு பொலித்தீன் பையோடு. கொட்டிலில் யாரும் இல்லை என்று நேரே மரத்தடிக்கு வந்தார். பாயில் போர்வை விரிந்து கிடந்தது, அருகில் தைக்காத எட்டுத் துண்டுகள். பார்த்தார். தன் சேட்டுகளை அடையாளம் கண்டு பையைக் கீழே வைத்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். "றோஸ்மேரி உங்களை நினைச்சு..."

"ரீச்சர், நீங்கள் பேசாமல் இருங்கோ." றோஸ்மேரி எழுந்து அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கள் இனி வரமாட்டியள் எண்டு கோவத்திலை வெட்டக் குடுத்தனான். கலியாணச் சேட்டும் இதுக்குள்ளைதான்."

அவர் குந்தியிருந்து கோடுபோட்ட துண்டு ஒன்றைத் தடவினார்.

"எப்ப குடுத்தனீ?"

"போன ஆவணி."

தான் போன கார்த்திகையிலிருந்து விரலை மடித்து மடித்து எண்ணினார்.

"ஒன்பது மாசமோ? ஒரு கடிதமும் இல்லாமல், ஊர்க் கதையையும் கேட்டுக்கொண்டு, ஒன்பது மாசம் வைச்சிருந்தனியோ?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நானெண்டால் அடுத்த மாசமே, நத்தார்ப் பெருநாளுக்கே எரிச்சிருப்பன்."

அப்போதுதான் றோஸ்மேரி அழுதாள். அழுதுகொண்டே, "குடலிறக்கம் வெட்டினதோ இல்லையோ?" என்றாள்.

"இல்லையடி. ஆஸ்பத்திரியிலை சரியான வரிசை."

ஏப்ரல் 19, ஞாயிறு

கடைசி வரிசையை அன்ரன் தைத்தார். வலை பொத்திய கை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. நூல் செலவு பயங்கரம். ஆனால் மற்றப் பதின்மூன்று வரிசையும் இற்றுப்போன பிறகும் அந்த ஒன்று இருக்கும்.

கண்ணுக்குள் நான் கண்ட போர்வை இதல்ல. பெட்டியில் இன்னும் ஐந்து இருக்கின்றன. நான்கு வரிசையோடு நின்றதை எடுத்து உதறி வெயிலில் போட்டேன்.

சித்திரை வெக்கையில் யாரும் போர்த்தமாட்டார்கள். அவர்களுடைய கொட்டிலுக்குக் கதவும் இல்லை. ஆகவே போர்வையை வாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பூசை முடிந்ததும் ஊசியைத் திருப்பி வாங்கப் போனேன். இந்தச் சுற்றாடலில் துருப்பிடிக்காத ஊசி அது ஒன்றுதான். பகல் பதினொரு மணி. ஐந்து சேட்டுகளும் இரண்டு சாரங்களும் வாசலை நன்றாக மூடியிருந்தன.

"றோஸ்மேரி" என்றேன்.

உள்ளே ஒரு சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"பின்னேரம் வாங்கோ ரீச்சர்."

ஊசி இல்லாமல் திரும்பிவிட்டேன்.