ஆறு மணிக்கு மேல் பதினான்கு நிமிடம்

மார்ச் 4

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டாலும், எட்டு முதலாளிகளை ஒரே முறைப்பில் உட்கார வைத்தவன் நான். அப்பேர்ப்பட்டவனை நேற்று சலவைக்கூடத்தில் எல்லோர் முன்பும் தலைகுனிய வைத்துவிட்டாய்.

ஆறு மணிக்கு ஷிப்டு முடிகிறது. ஆனால் ஆஸ்பத்திரித் துணி துவைத்த டிரம்மை அப்படியே விட்டுப் போக முடியுமா? பஞ்சுச் சல்லடையைக் கழற்றி, சுரண்டி, மருந்து நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பதினான்கு நிமிடம். பிறகுதான் விரல் வைக்கும் பெட்டிக்கே வருகிறோம். உன் சாஃப்ட்வேர் வந்ததிலிருந்து ஆறு பதினாலுக்கு விரல் வைத்தாலும் சீட்டில் ஆறு என்றே விழுகிறது!

இஸ்திரி போடும் அக்கா கேட்கிறாள்: "உங்க மருமகன்தானே இந்தப் பொட்டிக்கு விதி போட்டது? ஆறு மணிக்கு மேல நாங்க என்ன ஆவியாவா போயிடுறோம்?"

"ஒரே வாரம். நான் ஒரு வரி எழுதினா அவன் கம்ப்யூட்டரே எழுந்து நிக்கும்" என்று சொல்லியிருக்கிறேன். மாற்று.

கொதிப்புடன்,
தாய்மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அம்மா நலம், உங்களைக் கேட்டாள்.

கால்மணிக்குக் குறைந்த நேரத்தை வெட்டும் விதி நான் போட்டதுதான். ஆனால் அதற்கு முன்பு, ஆறு மணிக்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்று உங்களிடம்தான் கேட்டேன். நீங்கள் எழுதிய பதில் இது: "ஆறு அடித்தால் என் சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்துவிடுவேன். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து என் கதையைக் கேட்பார்கள். கால்மணி நேரம் ஒரே சிரிப்பு." அதைக் காட்டித்தான் உங்கள் முதலாளியிடம் ஒப்புதல் வாங்கினேன். சல்லடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே மாமா?

நடப்பதை உள்ளபடி எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கழுவும் நேரத்தையும் வேலையாகச் சேர்க்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்

மார்ச் 11

அடேய் மேதாவி,

மாமன் எழுதியதையே மாமன் கழுத்தில் கட்டுகிறாயா? உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்ததற்கு நல்ல கைமாறு!

உன் தயவு எனக்கு வேண்டாம். பதினாலுக்கு வெட்டுகிறாய் அல்லவா? இன்று முதல் என்னையும் சேர்த்து இங்குள்ள பதினோரு பேரையும் ஆறு பதினாறு வரை பெட்டிக்கு எதிரே நிற்க வைக்கிறேன். படை வரிசை தோற்றது போ! இனி கால்மணி ஓவர்டைம் தானாக விழும். மூளை என்பது படிப்பில் இல்லையடா.

மாமா

மார்ச் 20

மாமாவுக்கு,

ஒரு வாரத்துக்கு மேலாகப் பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி கால்மணி ஓவர்டைம். முதலாளி கண்ணில் படாமல் இருக்குமா? உங்கள் பழைய கடிதத்தை மேசையில் தட்டி, "கதை கேக்குறதுக்கு ஓவர்டைமா?" என்று கேட்டார். அரைமணிக்குக் கீழே எதுவும் எண்ணக்கூடாது என்று உத்தரவு. இன்று காலை மாற்றினேன். என் கையாலேயே மாற்றினேன், மாமா.

மருமகன்

மார்ச் 22

மருமகனுக்கு,

நான் கிணறு வெட்டினேன் என்றபோது நீ நம்பவில்லை. சிறுத்தையைச் செருப்பால் அடித்தேன் என்றபோது வயிறு வலிக்கச் சிரித்தாய். பிறந்ததிலிருந்து என் வாயில் வந்த எதையும் நம்பாதவன், இதை மட்டும் ஏனடா நம்பினாய்? வந்து பார்க்க உன் ஆபீசிலிருந்து பத்து நிமிட நடைதானே? உள்ளே வந்து ஒரு நாள் நின்றாயா? அந்தக் கோபம் எனக்குத் தீராது.

என் மேல் உள்ள கோபமும் தீராது. அதனால் நேற்று எல்லோரையும் நிறுத்தி, பழைய கடிதத்தில் நான் அளந்ததைச் சொல்லிவிட்டேன். இஸ்திரி அக்கா மட்டும் பேசினாள்: "பேசினது போதும், எழுதுங்க."

எழுதியிருக்கிறேன். முதலாளியிடம் கொடு:

"இங்கே நாற்காலி கிடையாது. நான் சூப்பர்வைசர் இல்லை. ஆறு மணிக்கு டிரம் நிற்கும். உள்ளே குனிந்து பஞ்சைச் சுரண்டுவேன். அக்கா சல்லடை கழுவுவாள். மற்றவர்கள் தரையில் கிடக்கும் மருந்து நீரைத் தள்ளுவார்கள். பதினான்கு நிமிடம். யாரும் சிரிப்பதில்லை. பெட்டிக்கு எதிரே சும்மா நின்ற இரண்டு நிமிடம் என் யோசனை. அதை என் பெயரில் மட்டும் கழிக்கவும்."

கீழே பதினோரு கையெழுத்து இருக்கிறது. பதில் எனக்கு எழுதாதே. அவர்களுக்கு எழுது.

இப்படிக்கு,
டிரம் கழுவுகிறவன்