சும்மா என்று ஒரு மதிப்பு

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி முடியாது.

போளூர் சந்தையில் வாங்கிய புளியைப் பிரித்தபோது, கட்டியிருந்த பழைய செய்தித்தாளில் உன் இரங்கல் செய்தி. உன் முகத்தில் பாதியைப் புளி தின்றிருந்தது. மீதிப் பாதி சிரித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பழக்கமான சிரிப்புதான்.

ஜவ்வாது மலைமேல் இருந்த ஆய்வு நிலையத்தில், மழை அளக்கும் கருவிகளின் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுத நீயும் நானும் ஒரு நிரல்மொழி செய்துகொண்டிருந்தோம். யாருடைய யோசனை ஏற்கப்படுகிறதோ அவன் மலையில் தங்கி வேலையைத் தொடர்வான்; மற்றவன் கீழே போளூர் அலுவலகத்துக்குப் போவான். இது நம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

முடிவெடுக்கும் கூட்டத்தில், நம் மொழியில் நிபந்தனை என்பது வெறும் கட்டளையாக நிற்கக்கூடாது, அதுவே ஒரு மதிப்பைத் தரவேண்டும் என்றேன். 'மழை பெய்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்' என்ற முழு வாக்கியத்தையும் ஓர் எண்ணைப்போல எடுத்து எங்கும் வைக்கலாம். தலைமைப் பொறியாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது நீ கேட்டாய்: "இல்லாவிட்டால்னு எழுதாம வுட்டுட்டா? மழையும் பெய்யலன்னா இன்னா வரும்?"

"சும்மா வரும்" என்றேன். வெற்று மதிப்புக்கு நான் வைத்திருந்த பெயர் அது.

"சும்மா வர்றதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குபா? நீ வர்றியே, போதாதா?"

பொறியாளரே சிரித்துவிட்டார். சிரித்தவர் என் தாள்களை மறுபடி திறக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் என் பெட்டியை ஏற்றிய ஜீப் டிரைவர்கூட, "சும்மா சாரை எறக்கி வுட்டுட்டு வர்றேங்க" என்றான்.

ஏழெட்டு வருடம் கழித்து, படவேட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னாய்: "நீ சொன்னதுதான்பா சரி. எனக்கு அன்னிக்கே தெரியும். ஆனா அப்பிடி ஒரு எடம் கெடச்சா யாரு சும்மா இருப்பா?"

புரியாமல் செய்தாய் என்றுதான் அதுவரை உன்னை மன்னித்து வைத்திருந்தேன். ஒரு வாய் வடை விழுங்கும் நேரத்தில் அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

இன்றும் ஒரு கூட்டத்தில் பேச வாயெடுத்தால், எதிரே யாருடைய உதடு அசைகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பாதிப் பேச்சில் உட்கார்ந்துவிடுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான்.

நீ செத்ததில் எனக்கு ஒரே வருத்தம், இதைப் படிக்க நீ இல்லை என்பது. உன் மனைவி படிப்பாள். இந்தக் கதையை நீ வீட்டில் சொல்லியிருக்கமாட்டாய். உனக்கு இது சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் என் பெயர் போட்டால், பொறாமைக்காரன் ஒருவன் என்று கிழித்துப் போட்டுவிடுவாள். போடாவிட்டால், நீ சிரித்து அனுப்பிய ஒவ்வொருவனையும் அவள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வரிசையின் நீளம் அவளுக்கும் தெரியட்டும். கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.