கஸ்பார்ஸ்பேர்க் ஏன் தண்ணீரில்லாத இடத்தில் இருக்கிறது

டோர்ட்மண்ட்,
மே 9

அன்பு மகள் பிறின்சிக்கு அப்பா எழுதுவது.

மாதாவின் துணையால் இங்கே நான் சுகம், அம்மா முழங்கால் நீங்கலாகச் சுகம், உன் தம்பி றெக்ஸ் சோம்பல் நீங்கலாகச் சுகம். நீயும் மருமகன் நிஷாந்தனும் அந்தக் கனடாக் குளிரில் மூக்கும் காதும் குறையாமல் இருக்க மன்றாடுகிறோம். தொலைபேசியில் சொல்லக்கூடியதை இவர் ஏன் எழுதுகிறார் என்று கேட்பாய். தொலைபேசியில் நீ இடையில் பேசுவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கஸ்பார்ஸ்பேர்க் ஊர்ச் சரித்திரப் புத்தகத்தின் அச்சுப் படியை டோரதி அம்மையார் எனக்குப் பார்க்க அனுப்பியிருந்தார். அகராதியோடு இருந்து வாசித்தேன். அதில் ஜூன் மூன்றாம் தேதி மதியம் கஸ்பார் சமைப்பதற்காக வண்டியை நிறுத்துகிறார். அடுத்த வரியில் ஜூன் பதினான்கு, வண்டியிலிருந்து அடுப்பை இறக்குகிறார். இடையில் பதினொரு நாள் என்ன சாப்பிட்டார்கள். நான் கஸ்பாரின் குறிப்பைத் தமிழாக்கி உனக்கு அனுப்பியது இருபத்திரண்டு பக்கம், அதில் ஏழாம் பக்கத்தை நீ விழுங்கிவிட்டாய். போன மாரியில் என்னைக் கேட்டதும் நீதான். ஊருக்கு நூற்றிருபது வயதாகிறது, ஊரைத் தொடங்கிய கஸ்பாரின் குறிப்புப் புத்தகம் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கிறது, பேத்தி டோரதிக்கே வாசிக்க ஏலாது, ஒருக்கா பாருங்கோவன் அப்பா என்றாய். பார்த்தேன். இங்கே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரரே வாசிக்கத் தெரியாமல் கையை விரிக்கும் எழுத்தை, நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து நாலு மாதத்தில் நானே பழகினேன். ஒருவரும் படிப்பிக்கவில்லை. இஞ்சேருங்கோ, இந்த வயசில உங்களுக்குச் சோதினையே வைக்கப்போகினம் என்று அம்மா கேட்டதுதான் எனக்குக் கிடைத்த ஊக்கம். தமிழில் எழுதி அனுப்பியதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனில் எழுதினால் நீ ஏழு வயதிலிருந்து செய்வது போலச் சிவப்புப் பேனை எடுப்பாய். தமிழில் எழுதினால் நீ அப்படியே ஆங்கிலத்தில் மாற்றுவாய் என்று நம்பினேன். அது என் பிழை.

ஏழாம் பக்கத்தை உனக்கு இன்னொரு தரம் சொல்கிறேன், மறந்திருப்பாய். அரசாங்கம் கஸ்பாருக்குக் கொடுத்த காணி ஆறு மைல் மேற்கே, ஓடைக் கரையில். நல்ல தண்ணீர், விறகு, எல்லாம் அங்கேதான். மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தியபோது, ஓடைக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்றார் மனைவி வால்பூர்காவிடம். ஒன்பது நாளாக அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். இனி ஒரு அடியும் வரமாட்டேன், இந்த வண்டியை விட்டு இறங்கவும் மாட்டேன் என்றாள் மனிசி. பதினொரு நாள் வண்டியிலேயே இருந்தாள். பின்னால் வந்த ஆறு குடும்பங்கள் புகையைக் கண்டு இதுதான் ஊர் என்று நினைத்துத் தாங்களும் வண்டியை அவிழ்த்துவிட்டன. பன்னிரண்டாம் நாள் கஸ்பார் அடுப்பை இறக்கினார். பிறகு நாலு கிணறு வெட்டி நாலிலும் உப்புத் தண்ணீர். இன்றைக்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்கு ஆறு மைலுக்கு அப்பாலிருந்து தண்ணீர் வருவது அந்த மனிசியால்தான். ஊர்ப் பெயரில் இருக்கும் பேர்க் என்றால் மலை, அந்த மலையைச் செய்மதிப் படத்தில் மூன்று நாள் தேடினேன். கணக்குக் கொப்பியில் கோடு போட்டது போல மைலுக்கு ஒரு தெரு இருக்கிறது, மலை இல்லை. உங்கள் ஊரில் உயர்ந்த இடம் குப்பை மேடுதான். அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை, எனக்கும் நாகரிகம் தெரியும்.

போன கிழமை நீ என்ன சொன்னாய். கஸ்பார் முழங்காலில நிண்டு செபிச்சு இடத்தைத் தெரிஞ்சவர் எண்டு ஊர் நினைவுக் கல்லிலயே வெட்டி வச்சிருக்கினம், அதை நீங்கள் மாத்தினா நாளைக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட ஒருத்தரும் என்னட்டக் கையை நீட்டமாட்டினம், டோரதி முட்டை தாறதையும் விட்டிடுவா, விடுங்கோவன் அப்பா என்றாய். முட்டைக்காகச் சரித்திரத்தை மாற்ற ஏலாது. அடுத்த நாளே றெக்ஸை எழுப்பி, ஏழாம் பக்கத்தை ஆங்கிலத்தில் அடிப்பித்து, இதைப் போடாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று டோரதிக்கே அனுப்பிவிட்டேன்.

நேற்றுப் பதில் வந்தது. சிரித்துச் சிரித்துப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறாராம். தன் அப்பாச்சி வால்பூர்கா ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் காரை விட்டு இறங்க மறுப்பார், இரண்டு பேர் போய் மன்றாட வேண்டும், ஏன் என்று இப்போதுதான் விளங்கியது என்கிறார். ஏழாம் பக்கம் முதல் பக்கமாக வரப்போகிறது. கல்லைப் புரட்டி மற்றப் பக்கத்தில் வால்பூர்காவின் பெயரை வெட்டப்போகிறார்கள். உன் முட்டைக்கும் ஆபத்தில்லை. ஆனால் ஜூலை பதினெட்டாம் தேதி ஊரின் நூற்றிருபதாம் ஆண்டு விழாவில் அந்தப் பக்கத்தை நான் நேரில் வந்து வாசிக்க வேண்டுமாம்.

மூன்று வருடத்துக்கு முன், ரொறன்ரோவில் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு மரமும் இல்லாத அந்த ஊருக்கு நீ போனபோது, உன் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்றேன். சொன்னது சொன்னதுதான். ஆகவே டோரதி வீட்டில் தங்குகிறேன். உன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம்தான் என்று படத்தில் பார்த்தேன். அம்மாவுக்குச் சபதம் ஒன்றும் இல்லை, அவள் உன்னோடு இருப்பாள். மிளகாய்த்தூள் கொண்டுவருவாள், பெட்டியில் என் புத்தகங்களுக்கு இடமில்லை என்கிறாள், அது வேறு பிரச்சினை.

எல்லாம் வல்ல தேவன் உங்கள் இருவரையும் காத்து, நல்ல தண்ணீரும் நல்ல புத்தியும் தருவாராக. மறக்காமல் அந்தக் கல்லைப் புரட்டுமுன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வை. டோரதியின் வாசலில் பதினொரு நாள் இருப்பேன். பன்னிரண்டாம் நாள் யார் வந்து மன்றாடுவது என்பதை நீயும் நிஷாந்தனும் பேசி முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் அப்பா,
செல்வரட்ணம்