நாற்பதாம் பக்கத்துக் குடை

மூவுலகுக்கும் குடை செய்யும் மாமா, வர்த்தகத்துறை அதிகாரியான தன் மருமகளுக்கு எழுதுவது:

இணையச் சந்தை நடத்தும் அந்த வெளிநாட்டுக் கம்பெனி, என் குடையைப் பார்த்துத் தானும் ஒன்று செய்து முதல் பக்கத்தில் வைத்தது. என்னுடையதை நாற்பதாம் பக்கத்துக்குத் தள்ளியது. அங்கே வந்து பார்த்தவர்கள் நானும் உன் அத்தையும்தான்.

வெளிநாட்டு முதலீட்டில் சந்தை நடத்துகிறவர் சொந்தச் சரக்கு விற்கக் கூடாதென்று நீ எழுதிய விதி வந்ததே, நேற்று ஒரு கோடிப் பேர் என் குடையை வாங்கினார்கள்! அத்தை எண்ணியபோது பதினேழு.

"அந்தக் கம்பெனி குடுத்த வேலைய நம்ம மருமக வேணாம்னப்போ பைத்தியம்னு திட்டினீங்களே?" என்கிறாள். எனக்குக் காது கேட்கவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று: 'கடை விற்பனைக்கு' என்று பலகை எழுதி வைத்திருந்தேன். அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல்தான் இதை எழுதுகிறேன்.

நன்றியுடன்,
காது கேளாத மாமா