வெறுங்கதிரையில் மாமி

09.01.2000, ஞாயிறு, காலை 6.10. மூன்று றோல், 108 படம்.

நேற்று என் அக்கா யோசெப்பினின் கலியாணம். கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குள் இருட்டு. பிளாஷை நேரே அடித்தால் முகமெல்லாம் சுண்ணாம்பு. பிளாஷுக்கு முன்னால் முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சியைக் கட்டி அடித்தேன் - என்ன மென்மை!

குறூப் படத்தில்தான் சண்டை. மாப்பிள்ளை பேர்னாட் அத்தான் கனடாவில் இருந்து வந்துவிட்டார். போரால் தரைப்பாதை பூட்டு; யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய தாய் மேபல் மாமிக்குக் கப்பலில் வரப் பாஸ் கிடைக்கவில்லை. அவவுக்கென்று முன்வரிசையில் ஒரு கதிரையை வெறுமையாக விடச் சொன்னா அக்கா. "ஓட்டைப்பல்லு மாதிரித் தெரியும்" என்றேன். கேட்டால்தானே!

23.01.2000, ஞாயிறு

வெள்ளவத்தை, சிநேகிதன் றேமண்டின் கொமினிக்கேஷன் கடை. ஸ்கானர், கொம்பியூட்டர், ஆறு மணித்தியாலம். அத்தானிடம் இருந்த மாமியின் படத்தை வெட்டி அந்தக் கதிரையில் இருத்திவிட்டேன்! வெட்டின விளிம்பை ஒரு மயிரிழை மங்கலாக்கவேண்டும். கால்மாட்டில் நிழல் வைக்கவேண்டும். மாமிக்கு வெளிச்சம் வலப்பக்கம், எங்களுக்கு இடப்பக்கம். என்ன செய்யலாம்? அவவை மட்டும் இடம்வலமாகத் திருப்பினேன். பொருந்திற்று!

றேமண்ட்: "டேய், மாமி கப்பலில்லாமலே வந்து சேர்ந்திட்டா!"

02.03.2000

மாமியின் கடிதம். "கலியாணத்துக்குப் போனனான் எண்டு அயலுக்கெல்லாம் படத்தைக் காட்டிச் சொல்லிப்போட்டன்."

12.09.2000, செவ்வாய்

நாசமாய்ப் போச்சு. இன்று அக்காவுக்குக் கனடா விசா இன்ரர்வியூ. கலியாண அல்பத்தில் அந்தப் படமும் இருந்திருக்கிறது. விண்ணப்பப் போமில் 'மாப்பிள்ளையின் தாய் வரவில்லை' என்று எழுதியிருக்கு. "அப்ப இது யார்?" என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டிருக்கிறார். தம்பி ஒட்டினது என்று அக்கா சொல்ல, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டின அடையாளமே இல்லை, பொய் சொல்கிறீர்கள் என்றாராம். ஒரு கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் விசா இல்லை.

"ஏன் அந்தப் படத்தை அல்பத்தில வைச்சனீ?"

"அதுதானேடா எல்லாத்திலயும் வடிவு."

நெகட்டிவ் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன்.

13.09.2000

நெகட்டிவைத் தேடி எடுத்துவிட்டேன். பதினேழாவது பிறேம், வெறுங்கதிரை, தெளிவு. ஆனால் அடுத்த நிமிசம் மாமி வந்து இருந்திருக்கலாம் என்பாரே அந்த மனுசன்?

மேசையில் கிடந்த ஒட்டின படத்தை அம்மா தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்த்தா. "ஏன்டா, மேபலின்ர சேலைத் தலைப்பு வலத்தோளில கிடக்கு?"

எட்டு மாதம்! ஒருவரும் கவனிக்கவில்லை - மாமிகூட! திருப்பினபோது சேலையும் திரும்பியிருக்கிறது. மொக்கன், முழு மடையன் நான். ஆனால் இதைவிட நல்ல சாட்சி உண்டா? என் பிழையைக் காட்டி இவ்வளவு துள்ளுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

19.09.2000, செவ்வாய்

அக்கா நெகட்டிவையும் நான் ஸ்கான் பண்ணின மாமியின் பழைய படத்தையும் கொண்டு போனா. அதிகாரி நெகட்டிவை யன்னலில் பிடித்துப் பார்த்தாராம், முகம் இளகவில்லை. தோளைக் காட்டினதும் மொழிபெயர்க்கிற தமிழ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, எழும்பித் தன் இடத்தோளைத் தொட்டுக் காட்டினாவாம். பிறகு அக்காவிடம், "உம்மட தம்பியை ஒருக்கா சேலை உடுத்துப் பார்க்கச் சொல்லும்."

16.10.2000, திங்கள்

விசாக் கடிதம் வந்தது. பிளைட் 29ஆம் திகதி. அக்கா சிரிக்கிறா, அழுகிறா, திரும்பச் சிரிக்கிறா.

இனிச் செய்ய வேண்டியவை:
1. ஒட்டின படம் ஒவ்வொன்றின் பின்னாலும் 'ஒட்டினது' என்று மையால் எழுதுதல்.
2. ஆளைத் திருப்ப முன் சேலை, கைமணிக்கூடு, சேட் பொத்தான் மூன்றையும் பார்த்தல்.
3. புது றோல் இரண்டு.
4. 29 வரை தினமும் அக்காவை ஒரு படம், யன்னல் வெளிச்சத்தில். கண் மூடியிருந்தாலும் திருத்துவதில்லை.