பவித்ராவின் கதவுக்கு மேல் எழுதியிருந்தது

பிரியமுள்ள அக்கா,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கையில் சிவப்புப் பேனாவோடு படித்திருப்பாய். பாதியில் நிறுத்தி, "உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?" என்று கேட்டிருப்பாய். இந்த முறை நீ கேட்பது நியாயமாகவும் இருந்திருக்கும். நீ இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு நிற்கவில்லை. முடிச்சூர் தகரக் கொட்டகையை நீ போன இந்த எட்டு மாதமாக நான்தான் திறக்கிறேன். எனக்கு வரையத் தெரியாது என்பதை ஏரிக்கரைப் பிள்ளைகள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய மனது பண்ணி யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கம்போல இந்த வருஷமும் வெளிநாட்டிலிருந்து ஒரு தன்னார்வலர் வந்தாள். பெயர் ஈவா. டென்மார்க்காரி, இருபத்துநாலு வயது. ஒரு பேக்கரியில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மூன்று வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வந்திருக்கிறாள். ஏழைப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படம் எடுத்துப் போகிறவர்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை தயாராக வைத்திருந்தேன். இவள் கேமராவையே வெளியில் எடுக்கவில்லை. கட்டுரை வீணாகிவிட்டது.

முதல் நாள், "பிடித்ததை வரையுங்கள்" என்றாள். முப்பத்தொரு பிள்ளைகளும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை என்று வரைந்து நீட்டினார்கள். ஈவா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இந்த இடம் பக்கத்தில் இருக்கிறதா?" என்று என்னிடம் கேட்டாள். பெருங்களத்தூர் சிக்னலிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படி ஓர் இடம் இல்லை என்று சொன்னேன். "அப்படியானால் அவர்களுடைய தெருவையே வரையட்டும்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

பதினோரு வருஷத்தில் நீ அந்தத் தலைப்பை ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. யானை, பேருந்து, கோவளத்து மீன் ஏலம் எல்லாம் கொடுத்தாய். வீட்டை மட்டும் கொடுக்கவில்லை. உனக்குக் கற்பனை போதவில்லை என்று நினைத்திருந்தேன். காரணத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை அக்கா? பத்திரிகையில் எழுதிவிடுவேன் என்றா?

மூன்று வாரத்தில் கொட்டகைச் சுவரை நிறைத்து ஒரே படம் வந்தது. சார்ட் பேப்பர்களை ஒட்டி, ஏரிக்கரைத் தெரு முழுவதையும் வரைந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய், சாய்ந்த மின்கம்பம், வீடு வீடாகக் கதவு. ஒவ்வொரு கதவுக்கு மேலும் அந்த வீட்டுக்கு எப்போது வந்தோம் என்று அந்தந்தப் பிள்ளையே எழுத வேண்டும் என்பது ஈவாவின் யோசனை. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. அதுவே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அதோடு விட்டேனா? விழா வைத்தேன். சிறப்பு விருந்தினர்களைக் கிண்டல் செய்தே நாற்பது வருஷம் எழுதியவன், ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த ஓர் அரசாங்க அதிகாரி. சாதுவான மனிதர், சுருக்கமாகப் பேசினார். இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம் என்று அங்கேயே தேதி வாங்கிவிட்டேன். அவர் படத்தோடு பேனரும் அடித்தேன்.

நேற்று ஞாயிறு. பதினோரு மணிக்கு விழா. பத்து மணிக்கு ஏரிக்கரைத் தேவி சுண்டல் பாத்திரத்தோடு வந்தாள். வாசலில் பேனரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணா இது? இந்தாளா வர்றாரு?"

"ஆமாம். தெரியுமா?"

"போன வாரம் நோட்டைத் தூக்கிகினு கரையெல்லாம் சுத்திகினு இருந்தாரே! வூடு எடுக்கற லிஸ்ட்டே இவருதாண்ணா போடறாரு."

உள்ளே வந்து சுவரைப் பார்த்தாள். அவள் மகள் பவித்ரா எழுதியிருந்ததைப் படித்தாள். 'நான் மூணாவது படிக்கும்போது வந்தோம். இப்போ எட்டாவது.'

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் சொல்லி எனக்கு விஷயம் தெரிந்தது. ஏரிக்கரை வீடுகளை எடுக்கப்போகிறார்கள். 2015 பெருவெள்ளத்துக்கு முன்பே கரையில் குடியிருந்தவர்களுக்குத்தான் மாற்று வீடு. பிறகு வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. சுவரில் கதவு வரைந்த மற்றவர்களெல்லாம் முன்பே வந்தவர்கள்; தேவி வந்தது மட்டும் பிறகு. மாற்று வீடு கேட்டு அவள் கொடுத்த மனுவில் எழுதியிருப்பது முன்பு.

"யார் எழுதிக் கொடுத்தது?" என்றேன்.

"அக்காதாண்ணா. 'ஒரு எழுத்து மாத்தாம குடு'ன்னாங்க."

என் கட்டுரைகளில் காற்புள்ளிக்குக்கூடச் சாட்சி கேட்டவள் நீ. அரசாங்கத்துக்கு, உன் அழகான கையெழுத்தில், முழுசாக ஒரு பொய்யை எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதற்குக் கோபப்பட எனக்கு நேரமில்லை. பதினோரு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருந்தது.

நியாயம் பேசுவது என்றால், ஏரிக்கும் இடம் வேண்டும்தான். எங்கள் குடியிருப்பும் அந்தத் தண்ணீர் வரும் வழியில்தான் நிற்கிறது. வெள்ளம் எங்கள் தரைத்தளத்துக்கு வந்தபோது பட்டா கேட்டு வரவில்லை. ஆனால் எங்களுக்குப் பத்திரம் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது. எந்த லிஸ்ட்டிலும் எங்கள் பெயர் இல்லை.

படத்தைக் கழற்றலாம் என்றால் ஈவா அதைச் சுவரோடு சுவராகப் பசைபோட்டு ஒட்டியிருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஆனால் பவித்ரா எழுதியது உண்மைதானே?" என்றாள்.

"உண்மைதான். அதுதான் சிக்கல்."

உடனே போய்ப் பச்சைப் பெயின்ட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

பவித்ரா சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "எங்க வீட்டை ஏன் அழிக்கணும்? ஈவாக்காதானே உள்ளதை எழுதச் சொன்னாங்க?"

"அடியே, நகருடி. அந்தாளு பார்த்தா தெருவுலதான் நிப்போம்" என்றாள் தேவி.

"பொய் சொன்னியாம்மா?"

தேவி சுண்டல் பாத்திரத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில் பவித்ராவே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். தன் கதவுக்கு மேல், எழுத்தும் வீடும் சேர்ந்து மறையும்படி, ஒரு மலையை வரைந்தாள். ஒற்றை மலை நன்றாயில்லை என்று பக்கத்தில் இன்னொன்று. சூரியனும் வைத்தாள். பழகிய கை, அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதிகாரி சரியான நேரத்துக்கு வந்தார். நம்மூரில் நான் எதிர்பார்க்காத ஒன்று. பொன்னாடை வாங்கிக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனார். குழாய், மின்கம்பம், ஒவ்வொரு கதவாகப் படித்துக்கொண்டே வந்தார். மலையிடம் நின்றார்.

"முடிச்சூர்ல ஏதும்மா மலை?"

"பல்லாவரம் மலை சார்" என்றாள் பவித்ரா.

"அது இங்கேருந்து தெரியாதே?"

"கரை மேல ஏறி நின்னா தெரியும் சார்."

தெரியாது. யாருக்கும் தெரியாது. அவர் விரலால் மலையைத் தொட்டார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தார், அடுத்த வீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காயலை போலிருக்கே."

"ஈரச் சுவர் சார்" என்றேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

சுண்டல் சாப்பிட்டார். பிள்ளைகளைப் பாராட்டினார். காரில் ஏறும்போது, "புதன்கிழமை வீடு வீடா வர்றேன் சார். எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க" என்றார். மிரட்டலா, தகவலா, இல்லை, தயாராக இருங்கள் என்று நமக்குச் செய்த உதவியா? மனித முகங்களைப் படித்துப் பிழைத்தவன் என்று பெயர் எனக்கு. அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஈவா சாயந்திரம் வரை பிரஷ் கழுவினாள். சுத்தமான பிரஷ்களையும் கழுவினாள். "வந்ததும் நான் கேட்டிருக்க வேண்டும்" என்றாள். சொல்வதற்கு எனக்கே தெரிந்திருக்கவில்லை என்றேன். அவள் ஊருக்குப் போகும் நாள் செவ்வாய்க்கிழமை. டிக்கெட்டை வெள்ளிக்கு மாற்றிவிட்டாள்.

கிளம்பும்போது பவித்ரா என்னிடம் வந்தாள். "சார், புதன்கிழமை அவர் என்னைக் கேட்டா நான் என்ன சொல்லணும்?"

நீ என்ன சொல்லியிருப்பாய்? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இதற்காகத்தானே அந்தத் தலைப்பையே கொடுக்காமல் இருந்தாய்? பொய்யை நீ எழுதினாய். அதைப் பிள்ளைகள் சுமக்கக் கூடாது என்று கடைசிவரை யானை வரையச் சொன்னாய்.

அதனால் இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புதன்கிழமை பவித்ரா வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போவாள். தேவி வீட்டு வாசலில் நான் நிற்பேன். அவர் கேட்டால், இந்தக் குடும்பம் வந்த நாள் எனக்குத் தெரியும், வெள்ளத்துக்கு முன்பே வந்தவர்கள், என் அக்காவும் நானும் பார்த்திருக்கிறோம் என்று சொல்வேன். அவர் விரலில் ஒட்டிய பச்சையை நினைத்துக்கொண்டுதான் சொல்வேன், என்றாலும் சொல்வேன். கையெழுத்துக் கேட்டால் போடுவேன். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர விடமாட்டேன்.

உன் பொய்க்குச் சாட்சியாக நிற்கப்போகும்,
உன் தம்பி.