துண்டு கட்டாத மூச்சு

நவம்பர் 11

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாயிற்று. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குப் பார்த்தபோது, மாடி வீடுதான் வேண்டும், காற்று வரும் என்று அடம்பிடித்தவள் நான். இன்று பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பையோடு பின்னால் வந்த என் கணவர் மதிவாணன் ஒரு படி கீழே தானும் உட்கார்ந்துகொண்டார்.

நிமோனியா. வலது நுரையீரலின் கீழ்ப் பகுதியில். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலப்பக்க நுரையீரலுக்கு மூன்று மடல், இடப்பக்கத்துக்கு இரண்டுதான். இதயம் உட்கார இடம் வேண்டுமென்று அது ஒதுங்கிக் கொடுத்திருக்கிறதாம். அந்தப் பெருந்தன்மை எனக்குக் கிடையாது. சடுகுடு ஆட எப்போது போகலாம் என்று கேட்டேன். முதலில் படி ஏறுங்கள் என்றார்.

காணும் பொங்கலுக்குக் காடாம்புலியூர்ப் பெண்கள் வருவார்கள். போன வருடம் அவர்களிடம் தோற்றது இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இந்த முறை ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரணிக்குள் நான் ரெய்டு போயே ஆகவேண்டும்.

நவம்பர் 17

மூச்சுப் பயிற்சி கொடுக்க பாயிஜா என்று ஒரு பெண். நம் கடைத்தெருக்காரிதான். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தாள். குழாயை வாயில் வைத்து, உயிரைக் கொடுத்து ஊதினேன். ஒரு பந்தும் அசையவில்லை.

“ஊதாதீங்கக்கா, உள்ள இழுங்க” என்றாள்.

இழுத்தேன். ஒரு பந்து எழுந்து, பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, அது பிரிந்து பிரிந்து மயிரிழைபோல் ஆகி, நுனியில் கோடிக்கணக்கில் குட்டிக் காற்றறைகள் இருக்கின்றனவாம். அங்கேதான் காற்று ரத்தத்தில் சேருகிறது. என் அறைகளில் பலவற்றில் நீர் தேங்கிப்போயிருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இத்தனை வருடம் இவற்றை வைத்துக்கொண்டுதான் ஊரை மிரட்டியிருக்கிறேன், ஒருநாளும் நலம் விசாரித்ததில்லை.

நவம்பர் 25

இரண்டாவது பந்து எழுந்தது! இவர் ஷிப்டில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். அவர்கள் என்னவென்று புரியாமலே சந்தோஷப்பட்டார்கள்.

டிசம்பர் 4

எங்கள் அணித் தலைவி நாகம்மாள் முறுக்குப் பொட்டலத்தோடு பார்க்க வந்தாள். நல்ல மனசோடுதான் வந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: “இந்த வருசம் நீ வெளிய குந்திகினு பாரு தனம். பாதி ஆட்டத்துல மூச்சு வுட்டுட்டன்னா நம்ம மானம் போயிடும்.” எனக்குப் பதில் எங்கள் அணியின் இசைப்பிரியா ரெய்டு போவாளாம்.

சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? அவ போனப்புறம் அழுக அழுகயா வருது. அழுதா இருமல் வருது. இருமுனா அழுக வருது. முறுக்கை மட்டும் மிச்சம் வைக்கல.

டிசம்பர் 9

இன்று பாயிஜாவிடம் எங்கள் ரகசியத்தைச் சொன்னேன். ரெய்டு போகுமுன் நாகம்மாள் எங்கள் ஒவ்வொருத்திக்கும் வயிற்றைச் சுற்றித் துண்டு கட்டுவாள். முதுகில் முழங்காலை வைத்து அழுத்தி இறுக்குவாள். மூச்சு கீழே இறங்கி வீணாகாமல் நெஞ்சிலேயே நிற்கும் என்பது கணக்கு. இவள் பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

பாயிஜா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாதாம். அதற்கென்று தசை கிடையாது. அதற்குக் கீழே கவிழ்த்த சட்டிபோல் உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால், விலா எலும்புகள் விரிந்தால், நெஞ்சுக்குள் இடம் உண்டாகும். காற்று தானாக ஓடி வரும். அது இறங்கும்போது வயிறு முன்னால் தள்ளத்தான் வேண்டும். “நீங்க வயித்தைக் கட்டிட்டா அது எங்கக்கா இறங்கும்?” என்றாள்.

அப்படியென்றால் இத்தனை வருடமாக நான் அரை மூச்சில் ஆடியிருக்கிறேன். அரை மூச்சுக்கே அந்த ஆட்டம்! வருத்தப்பட வேண்டிய விஷயத்தில் எனக்குக் கர்வம் வந்தது.

டிசம்பர் 16

மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் உப்புப் பாக்கெட்டை வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சு விடுகிறேன். வேலை முடிந்து வந்த இவர் பார்த்துவிட்டு, சமையலுக்கு உப்பு வேண்டும், எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

டிசம்பர் 28

புது எக்ஸ்ரே சுத்தம். ஆடலாம், ஆனால் மயக்கமோ வலியோ வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார் டாக்டர்.

நேராக மைதானத்துக்குப் போனேன். துண்டு விஷயத்தைச் சொன்னதும் நாகம்மாள், “ஆஸ்பத்திரிக்காரங்க வந்து சடுகுடு ஆடுவாங்களா?” என்றாள். சண்டை போடவில்லை. வா, நீ கட்டிக்கொண்டு பாடு, நான் கட்டாமல் பாடுகிறேன் என்றேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று சடுகுடு சடுகுடு என்று ஆரம்பித்தோம். அவளுக்கு முகம் சிவந்து நின்றுபோனது. நான் போய்க்கொண்டே இருந்தேன். அவளைச் சுற்றி ஒரு வட்டம் வேறு நடந்து வந்தேன், வேண்டுமென்றே.

அவள் வயிற்றுத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, “சரி, நீயே போ” என்றாள். வீட்டுப் படியை நிற்காமல் ஏறினேன்.

ஜனவரி 17, காணும் பொங்கல்

ஜெயித்துவிட்டோம்!

கடைசி ரெய்டு. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒருத்தியைத் தொட்டுத் திரும்பும்போது அவர்கள் தலைவி பொற்கொடி என் கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பில் தொங்கினாள். பாட்டு நின்றால் முடிந்தது. நான் அவசரப்படவில்லை. உள்ளே நிறைய இருக்கிறது என்று தெரிந்தது. சிக்கனமாகச் சடுகுடு சொல்லிக்கொண்டே, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்தேன். விரல் நடுக்கோட்டைத் தொட்டபோதும் மூச்சு மிச்சமிருந்தது; நான் தொட்டவளும் என்னைப் பிடித்த இருவரும் அவுட். அதற்குப் பிறகும் ஒருமுறை சடுகுடு சொன்னேன், அவர்கள் காதில் விழட்டும் என்று.

நாகம்மாள் ஓடிவந்து முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். கூட்டத்தில் நின்று கத்தியதில் இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 21

பொற்கொடி போன் செய்தாள். என் வயிற்றில் துண்டு இல்லாததைப் பார்த்தாளாம்; அவர்கள் அணியும் துண்டுதான் கட்டுகிறதாம். ஒருநாள் காடாம்புலியூர் வந்து மூச்சுப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க முடியுமா அக்கா என்று பணிவாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். விலா எலும்பு வரைக்கும் சொல்லிக் கொடுப்பேன். உதரவிதானத்தை அடுத்த பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.